கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது: பழகிப்போன கைவேலையைக் கற்றுத்தர எந்த வழி?

அண்ணன் மகள் குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னும் வேலை, கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அத்தை, சுண்டுவிரல்ல எதுக்கு நூலைச் சுத்தி வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரலில் உல்லன் நூல் ஒரு சுற்று சுற்றியிருந்தது. இருபது வருடமாகப் பின்னுகிறேன். அந்தச் சுற்று அங்கே இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சரி, மெதுவாகச் செய்து காட்டலாம் என்று ஆரம்பித்தேன். வேகத்தைக் குறைத்ததும் நூல் நழுவியது, கொக்கி கண்ணியை, அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையத் தையலை, தவறவிட்டது. நான் சொன்னது ஒன்று, என் கை செய்தது வேறொன்று. அரை மணி நேரம் கழித்து அவள் கையில் ஒரு சிக்கல் முடிச்சும் கண்ணில் நீரும்தான் மிச்சம்.

அதற்கப்புறம் ஏழெட்டுப் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வழியை முயன்றேன். சில வழிகள் பார்க்க நன்றாக இருந்து பலன் தரவில்லை, சில வழிகள் சாதாரணமாகத் தெரிந்து பெரிய உதவி செய்தன. கைவேலை ஒன்று நன்றாகத் தெரிந்து, அதைக் கேட்டு ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எந்த வழியை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். என் உதாரணங்கள் குரோஷேயிலிருந்து வரும். கைத்தையல், எம்பிராய்டரி, கூடை முடைதல், தக்ளி என்ற கைக்கதிரில் நூற்றல் எதற்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

கையும் வாயும் ஏன் பிரிந்துபோகின்றன

வழிகளுக்குப் போகும்முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இது புரியாமல்தான் முதல் நாள் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967-இல் திறன் வளர்வதை மூன்று கட்டங்களாக விவரித்தார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொரு அசைவையும் யோசித்து, பல சமயம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறோம். இரண்டாவதில் அசைவுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன, தவறு குறைகிறது. மூன்றாவதில் யோசனையே இல்லாமல் கை தானாக ஓடுகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்தவர் பின்னிக்கொண்டே கதை பேசலாம். ஆனால் முதல் கட்டத்தில் வாயில் இருந்த சொற்கள் அப்போது அவரிடம் இருக்காது.

அந்தச் சொற்கள் எவ்வளவு காணாமல் போகின்றன என்பதற்கு 2014-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. வேகமாகவும் பெரும்பாலும் பிழையில்லாமலும் தட்டச்சு செய்பவர்களிடம் வெறும் விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, எழுத்துகளை அதனதன் இடத்தில் நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15 எழுத்துகளைத்தான் சரியாக வைக்க முடிந்தது. விரல்கள் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை போய்வரும் இடங்கள் அவை.

விரல் அறிந்ததும் மனம் அறிந்ததும் மூளையில் வேறு வேறு வழிகளில் தங்குகின்றன. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மோலைசன் அதன்பிறகு புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் ஆற்றலை இழந்தார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அது தனக்குப் புதிய வேலை என்றே அவர் நினைத்தார். செய்த நினைவே இல்லாமல் கை கற்றுக்கொள்ளும் என்றால், கற்றதை வாயால் சொல்ல முடியாமல் போவதில் நம் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். எனக்கே தெரியாமல் என் கை செய்வதை இது வெளியே கொண்டுவருகிறதா?

பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வது

இதுதான் பழைய வழி, பலரும் முதலில் எடுக்கும் வழி. இதற்கு ஒரு நன்மை உண்டு. கை இயல்பான வேகத்தில் ஓடுவதால் காட்டப்படுவது உண்மையான அசைவு. தோள் தளர்ந்திருப்பது, முழங்கை உடம்போடு ஒட்டியிருப்பது, கண்ணிக்குக் கண்ணி ஒரே தாளம் இதெல்லாம் சொல்லாமலே போய்ச் சேரும்.

ஆனால் எதைப் பார்ப்பது என்று புதியவருக்குத் தெரியாது. குரோஷேயில் ஒரு கண்ணி போட எனக்கு ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடிக்குள் கொக்கி உள்ளே போகிறது, நூலை வாங்குகிறது, வெளியே வருகிறது, மறுபடி நூலை வாங்கி இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைந்து வருகிறது. பார்ப்பவரின் கண் கொக்கியின் நுனியில்தான் நிற்கும். வேலையின் பாதியைச் செய்யும் இடது கையை யாருமே பார்ப்பதில்லை. என் அண்ணன் மகள் சுண்டுவிரலைக் கவனித்தது அபூர்வம்.

உட்காரும் இடமும் முக்கியம். இருவரும் வலது கைக்காரர் என்றால் பக்கத்தில், முடிந்தால் சற்றே பின்னால் தோளுக்கு மேலாகப் பார்க்கும்படி உட்காரவையுங்கள். கற்பவர் இடது கைக்காரர் என்றால் நேர் எதிரே உட்காரவையுங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பின்பற்றலாம். இதை அறியாமல் ஓர் இடது கைப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு நாள் வீணாக்கினேன்.

முதல் பத்து நிமிடத்துக்கு இந்த வழி போதும். இதை மட்டுமே நம்பினால் மாதக்கணக்கில் கூடவே இருக்கும் ஆளுக்குத்தான் பலன் தரும்.

மெதுவாகச் செய்து, வாயால் விளக்குவது

நல்ல ஆசிரியர் இப்படித்தான் செய்வார் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு இதன்மேல்தான் அதிகச் சந்தேகம்.

முதல் காரணம், வேகம் குறைந்தால் அசைவே மாறிவிடுகிறது. நூலின் இறுக்கம் ஓட்டத்தில்தான் அமைகிறது. மெதுவாக இழுக்கும்போது நான் வேறு விரலால் பிடிக்கிறேன், கொக்கியை வேறு கோணத்தில் திருப்புகிறேன். காட்டுவது என் பின்னல் இல்லை, அதன் பொம்மை. 

இரண்டாவது, விளக்கம் செய்பவரின் கையையே குழப்புகிறது. கிறிஸ்டின் ஃப்ளீகல், மைக்கேல் ஆண்டர்சன் இருவரும் 2008-இல் கோல்ஃப் ஆடுபவர்களைவைத்து இதைச் சோதித்தார்கள். பந்தைக் குழிக்குள் தள்ளும் அசைவைச் சில நிமிடம் சொற்களில் விவரித்த தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு, அடுத்து அதைச் சரியாகச் செய்ய ஏறக்குறைய இரண்டு மடங்கு முயற்சிகள் தேவைப்பட்டன. புதியவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. முதல் நாள் என் நூல் நழுவியதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது, என்ன விட்டுப்போகிறது என்பதைச் சொல்பவர் உணர்வதே இல்லை. “கொக்கியை உள்ளே விட்டு நூலை இழு” என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். எனக்கு அது முழு வாக்கியமாகத் தெரிந்தது. அவளோ கொக்கி மேலே பார்த்தபடி இருக்க, அப்படியே இழுத்தாள். கொக்கி ஒவ்வொரு வளையத்திலும் மாட்டியது. வெளியே வரும்போது கொக்கியின் வாயைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலை நான் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது இருப்பதே எனக்குத் தெரியாதே. கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கிலும் இதே கதைதான். பமேலா ஹைண்ட்ஸ் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையில் தேர்ந்தவர்கள் புதியவர்களுக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். “பத்து நிமிஷத்துல வந்துடும்” என்று நாம் சொல்வது ஆறுதலுக்காக இருக்கலாம். கேட்பவருக்கோ பதினோராவது நிமிடத்தில் தன் கைக்கு ஏதோ குறை என்று தோன்றிவிடும்.

பேசவே கூடாதா? பேசலாம், எதைப் பற்றி என்பதில்தான் விஷயம். கேப்ரியல் வுல்ஃப் 1990-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவரும் ஆய்வுகள், உடம்பின் அசைவைவிட அந்த அசைவால் வெளியே நடப்பதைக் கவனிக்கும்போது கற்றல் நன்றாக நடக்கிறது என்று காட்டுகின்றன. பின்னலில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். “ஆள்காட்டி விரலைத் தூக்கு, கட்டைவிரலைத் தளர்த்து” என்றால் கை விறைத்துவிடுகிறது. “வளையம் கொக்கியின் தண்டில் தானாக வழுக்கிப் போகும் அளவுக்கு இருக்கட்டும்” என்றால் விரல் தன் வேலையைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. எனவே விரலை விட்டுவிட்டு நூலைப் பற்றிப் பேசுங்கள்.

மெதுவாக்குவதற்குப் பதில் பெரிதாக்கலாம் என்பதும் பழக்கத்தில் கிடைத்த பாடம். 12 மி.மீ. கொக்கியும் தடித்த நூலும் எடுத்தால் என் வேகம் இயல்பாகவே குறைகிறது, அசைவின் வடிவம் கெடுவதில்லை. எதிரே இருப்பவருக்கும் ஒவ்வொரு இழையும் கயிறுபோலத் தெளிவாகத் தெரிகிறது. அவர் கையில் கொடுப்பதற்கு 5 மி.மீ. கொக்கியும் வழவழப்பான வெளிர்நிற நூலும் போதும். கறுப்பு நூலும் மயிர் பறக்கும் நூலும் வேண்டவே வேண்டாம், கண்ணி எங்கே என்றே தெரியாது.

காணொளி எடுத்துப் பார்ப்பது

கைப்பேசியை மார்புக்கு நேரே நிறுத்தி, கை மட்டும் தெரியும்படி ஐந்து நிமிடம் பின்னிப் படம் எடுத்தேன். மாணவிக்கு அனுப்புவதற்காக எடுத்தது. கடைசியில் அதிகம் கற்றுக்கொண்டது நான்தான்.

கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. பின்னலைப் பிடித்திருக்கும் கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு மூன்று கண்ணிக்கு ஒருமுறை ஊர்ந்து மேலே ஏறுகின்றன. கொக்கிக்குப் பக்கத்திலேயே பிடித்திருப்பதால்தான் பின்னல் ஆடுவதில்லை. புதிய வளையம் கொக்கியின் மெல்லிய கழுத்தில் நிற்காமல் தடித்த தண்டு வரை போய் அளவெடுத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் ஆள்காட்டி விரல் லேசாக முன்னே சாய்ந்து நூலை விடுகிறது. பின்னலுக்கு அடித்தளமாகப் புதியவர்கள் போடும் சங்கிலி இறுகிப்போய் அடுத்த வரிசையில் கொக்கியே நுழையாமல் அவதிப்படுவதற்குப் பெரும்பாலும் இரண்டாவது விஷயம்தான் காரணம்: கழுத்திலேயே வளையத்தை இறுக்கிவிடுகிறார்கள். இருபது வருடம் அதைச் சரியாகச் செய்த எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து நிமிடப் படம் சொல்லிவிட்டது.

ஆக, ஆசிரியரின் தயாரிப்புக்குக் காணொளி மிக நல்லது. மாணவருக்கு அதையே பாடமாகக் கொடுப்பது அவ்வளவு நல்லதில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், தூரத்தில் இருப்பவருக்கு வேறு வழியும் இருக்காது. ஆனால் அவர் எங்கே தவறுகிறார் என்று படம் அவருக்குச் சொல்லாது. தூரத்தில் இருப்பவரிடம் நான் இப்போது திசையை மாற்றிக் கேட்கிறேன். என் காணொளியை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் கையை அவரே படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் கோளாறு தெரிந்துவிடும்.

எழுத்துக் குறிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடிப்படை தெரிந்தவருக்கு அது பொக்கிஷம், தெரியாதவருக்குச் சுவர். குரோஷேயில் இன்னொரு தொல்லையும் உண்டு. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்ற கண்ணியைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். எந்த முறை என்று பார்க்காமல் குறிப்பைக் கொடுத்தால் வேறு துணிதான் வரும்.

கை மாற்றிச் செய்து பார்ப்பது

இது மாணவர் வருவதற்கு முந்தைய நாள் ஆசிரியர் தனியே செய்ய வேண்டியது. கொக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பத்து வரிசை பின்னிப் பாருங்கள்.

நான் செய்தபோது முதல் இரண்டு வரிசைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தோள் இறுகியது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கண்ணியை எண்ணும்போது விட்டுப்போனது. அதோடு சொற்கள் திரும்பிவந்தன. “இப்போது நூலை விடு. இப்போது திருப்பு. இங்கே பிடி.” வாய் தானாக முணுமுணுத்தது. ஃபிட்ஸ் சொன்ன முதல் கட்டத்துக்குள் மறுபடி போய் நின்றேன். அப்போது முணுமுணுத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்தேன். நான் தயாரித்ததிலேயே நல்ல பாடக் குறிப்பு அதுதான்.

இதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. சியான் பைலாக், தாமஸ் கார் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்குத் தாங்கள் அடித்த ஒவ்வோர் அடியைப் பற்றியும் நினைவில் இருந்தது புதியவர்களைவிடக் குறைவு. அவர்கள் கையில் வளைந்து நெளிந்த விசித்திரமான மட்டையைக் கொடுத்ததும் அந்த நினைவு திரும்பியது. பழகாத கருவி கவனத்தை மீண்டும் அசைவுக்கு இழுத்துவந்துவிட்டது. நமக்குக் கைமாற்றம்தான் அந்த விசித்திர மட்டை.

அறிவு மட்டும் கிடைக்கவில்லை, பொறுமையும் கிடைத்தது. மறுநாள் மாணவி தடுமாறியபோது “இது சுலபம்தானே” என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஒரே ஒரு தயாரிப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் காணொளியைவிட இதைத்தான் எடுப்பேன். இரண்டுக்கும் நேரம் இருந்தால் முதலில் படம், அப்புறம் கைமாற்றம். படத்தில் கண்ட மூன்று விஷயங்களையும் இடது கையில் செய்யப் பார்க்கும்போது அவை ஏன் தேவை என்பது புரியும்.

கையைப் பிடித்துச் சொல்லித்தருவது, கையைப் பங்கு போடுவது

மாணவரின் கைமேல் நம் கையை வைத்து நடத்துவது சின்னக் குழந்தைகளுக்கு ஓரளவு உதவுகிறது. பெரியவர்களுக்கு இல்லை. நாம் அழுத்தினால் அவர்கள் கை தளர்ந்து நமக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறது. வேலை நடப்பதுபோல் இருக்கும். கையை எடுத்ததும் ஒன்றும் இருக்காது. தொடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் உண்டு.

இதைவிட நல்லது கையைப் பங்கு போடுவது. பின்னலையும் நூலையும் நான் என் இடது கையில் பிடித்துக்கொள்கிறேன். மாணவர் கொக்கியை மட்டும் பிடித்து என் பின்னலுக்குள் கண்ணி போடுகிறார். இரண்டு பேருக்குமாக ஒரு ஜோடிக் கை. நூல் சரியான இறுக்கத்தில் வருவதால் கொக்கியின் திருப்பலை மட்டும் அவர் கவனிக்கலாம். ஒரு வரிசை முடிந்ததும் மாற்றிக்கொள்கிறோம்: கொக்கி என்னிடம், நூல் அவரிடம். நூல் எவ்வளவு எதிர்ப்போடு போக வேண்டும் என்பதை என் கொக்கி இழுக்கும்போது அவர் விரல் உணர்ந்துவிடும். இறுக்கத்தைச் சொல்லில் புரியவைக்க நான் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு வரிசையில் தீர்ந்தது. இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை உள்ள எந்தக் கைத்தொழிலுக்கும் இதைச் சிபாரிசு செய்வேன். தக்ளியில்கூட ஒருவர் சுழற்ற, மற்றவர் பஞ்சை இழுத்து நூலாக்கலாம்.

முதலிலிருந்தா, நடுவிலிருந்தா?

குரோஷே பாடம் எங்கேயும் முதல் முடிச்சில் ஆரம்பித்து, சங்கிலிக்குப் போய், அப்புறம் முதல் வரிசைக்கு வரும். செய்யும் வரிசை அது. கற்கும் வரிசையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சங்கிலியில் பிடித்துக்கொள்ளத் துணியே இல்லை, முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் போடும் முதல் வரிசைதான் எல்லாவற்றிலும் கடினம். அதைப் புதியவர் தலையில் முதல் நாளே சுமத்துகிறோம்.

மானுடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் லைபீரியாவில் தையல்காரர்களிடம் தொழில் பழகுபவர்களைக் கவனித்தார். அவர்கள் துணி வெட்டுவதில் ஆரம்பிக்கவில்லை. பட்டன் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று முடிவு வேலைகளில் தொடங்கி, பிறகு தைக்கக் கற்று, கடைசியில்தான் வெட்டுவதற்கு வந்தார்கள். இதனால் இரண்டு லாபம். கெட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லாத வேலை முதலில் வருகிறது. முழு உடுப்பு எப்படி அமைகிறது என்பதும் முதல் நாளிலிருந்தே கண்ணில் படுகிறது.

இதைப் படித்த பிறகு நான் ஐந்து வரிசை பின்னிய ஒரு சின்னச் சதுரத்தை முன்கூட்டியே தயார் செய்துவைக்கிறேன். மாணவர் ஆறாவது வரிசையில் தொடங்குகிறார். கையில் பிடிக்கத் துணி இருக்கிறது, கீழே சரியான கண்ணிகள் இருக்கின்றன, எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது. கண்ணியின் தலையில் தெரியும் சாய்ந்த வி வடிவத்தை வாசிக்கப் பழகுவதும் இங்கேதான். சங்கிலியும் முதல் முடிச்சும் மூன்றாம் நாள்தான் வரும், அப்போது அவை பத்து நிமிட வேலை. எல்லோருக்கும் இதைத்தான் இப்போது செய்கிறேன். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

அவர் சொல்ல, நான் செய்வது

என் தேர்வு இதுதான்.

ராட்னி பேட்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1998-இல் விவரித்த நான்கு படி முறை மருத்துவக் கல்வியில் பரவலாகப் பயன்படுகிறது. முதலில் ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்கிறார். பிறகு விளக்கிக்கொண்டே செய்கிறார். மூன்றாவதாக, மாணவர் ஒவ்வொரு படியாகச் சொல்ல ஆசிரியர் அதன்படி செய்கிறார். நான்காவதாக மாணவர் தானே செய்கிறார். தையல் போடுவது, முடிச்சுப் போடுவது போன்ற வேலைகளுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள், நம் வேலைக்கு அது தூரமே இல்லை.

மூன்றாவது படியில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதை முழு நேர்மையோடு செய்ய வேண்டும். மாணவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யவே கூடாது. என் அண்ணன் மகள் “நூலை வாங்கி வெளியே இழுங்க” என்றாள். கொக்கியைத் திருப்பச் சொல்லவில்லை, ஆகவே திருப்பாமல் இழுத்தேன். மாட்டியது. அவள் குனிந்து பார்த்து, “ஓ, வர்றப்போ வாயைக் கவுத்துக்கணும்” என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நான் மூன்று முறை சொல்லியும் நிற்காத விஷயம், அவள் வாயிலிருந்து வந்ததும் நின்றுவிட்டது.

வேறெந்த வழியிலும் இல்லாதது இதுதான். மறைந்திருப்பதைத் தேடும் வேலை தெரிந்தவரிடமிருந்து தெரியாதவர் கைக்கு மாறுகிறது. நமக்கு எது தெரியவில்லை என்பது நமக்குத் தெரியாது. அவர் சொல்வதில் உள்ள ஓட்டை மட்டும் இருவர் கண்ணுக்கும் தெரியும். கை சொன்னபடி நிற்கும், நூல் சிக்கும், இருவரும் சேர்ந்து பார்க்கலாம். என் சொல்லாடலை அவர்மேல் திணிக்காமல் அவருடைய சொல்லிலேயே பாடம் அமையும். “வாயைக் கவுத்து” என்பது அவள் சொல். நான் இப்போதும் அதையே பயன்படுத்துகிறேன்.

இதற்கும் குறைகள் உண்டு. கை பழகியவருக்குச் சொன்னதை மட்டும் செய்வது மிகவும் கஷ்டம். திருப்பாமல் இழுக்க வேண்டும் என்றாலும் கை தானாகத் திருப்பிவிடும். இடது கையில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்பதைப் பின்னால் கண்டுபிடித்தேன். கூச்சப்படும் ஆட்களுக்கு, முக்கியமாகத் தங்களைவிட மூத்தவருக்குக் கட்டளையிடத் தயங்குபவர்களுக்கு, முதல் சில நிமிடம் வாய் வராது. அவர்களிடம் கொக்கியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், உங்களைப் பார்க்க வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்த வழி நீளமாகப் போவதில்லை, ஐந்து கண்ணியில் அலுத்துவிடும். அவர்களுக்குக் கையைப் பங்கு போடுவதே சரி. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குச் சொல்லித்தருவதென்றால் ஆளுக்கு ஒரு கண்ணி எனச் சுற்றிவரச் சொல்லலாம், விட்டுப்போனதை அடுத்தவர் பிடிப்பார்.

ஒரு நாளுக்குள் யாருக்காவது ஆரம்பித்துவைக்க வேண்டும் என்றால் நான் செய்வது இப்படி: முந்தைய இரவு இடது கையில் சில வரிசைகள், ஒரு சதுரம் தயாரிப்பு. மறுநாள் ஐந்து நிமிடம் பேசாமல் பின்னிக் காட்டுவது, ஒரு வரிசை கையைப் பங்கு போடுவது, அப்புறம் அவர் சொல்ல நான் செய்வது. விளக்கமாகப் பேசும் படியை ஏறக்குறைய விட்டேவிடுகிறேன். வாரக்கணக்கில் நேரம் இருந்தால் வரிசை முனைகளுக்குப் போகலாம். புதியவர் பின்னல் முக்கோணமாகக் குறுகிப்போவது வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுவதால்தான் பெரும்பாலும். அதற்கு எந்த வழியும் உதவாது, ஒவ்வொரு வரிசையும் எண்ணத்தான் வேண்டும். முனைக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவைத்தால் தேடல் மிச்சம். இறுக்கத்தை முதல் வாரத்தில் திருத்தப் போகாதீர்கள். நூல் கைக்குப் பழகப் பழக அது பாதி தானாகவே தளர்ந்துவிடும்.

புதிதாகக் கற்றவரையே ஆசிரியராக்குவது

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் கற்றவரிடம் புதியவரை அனுப்புவது. அவர் கை இன்னும் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது, சொற்கள் வாயில் இருக்கின்றன, எங்கே இடறினார் என்ற நினைவு பசுமையாக இருக்கிறது. முதல் வாரத்துக்கு என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆனால் சிக்கல் வழக்கத்துக்கு மாறாக வரும்போது, நான்கு வரிசைக்குக் கீழே போட்ட தவறைப் பிரிக்காமல் சரிசெய்ய வேண்டியிருக்கும்போது, அவர்களுக்குக் கை ஓடாது. அப்போது அனுபவமுள்ள ஒருவர் கிட்டே இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கற்றுக்கொடுக்க முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் தங்கள் மாணவரிடம் ஒரு நோட்டைக் கொடுக்கலாம். முதல் வாரம் எங்கே சிக்கியது, எப்படி விடுபட்டது என்று அவர் சொல்லிலேயே எழுதட்டும். அவருக்கும் இது சில மாதங்களில் மறந்துபோகும், அதனால் அன்றன்றே எழுத வேண்டும். என் அண்ணன் மகள் நான்கு பக்கம் எழுதினாள். இப்போது அவளிடம் கேட்டால் பாதி நினைவில்லை என்கிறாள், கை அவ்வளவு வேகமாக ஓடுகிறது. யாராவது கற்றுக்கொள்ள வந்தால் அந்த நான்கு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். சுண்டுவிரல் சுற்று முதல் வரியில் இருக்கிறது.